இயற்பெயர் என்ற அந்த ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இணையக் கலைக்களஞ்சியங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இடத்தில் பாலின அடையாளம் போன்ற விஷயங்களில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கேட்டுவிட்டு, அச்சில் வந்த சான்று இருந்தால் சேர்க்கலாம், இல்லையென்றால் கூடாது என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். கிளை நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, அப்படிப்பட்ட ஒரு கலைக்களஞ்சியத்தில் ஆறு ஆண்டுகளாகப் பாலினம் சார்ந்த கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் வருகிறேன். சான்று வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சான்று மட்டும் போதும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு திருநங்கைக் கலைஞரைப் பற்றிய கட்டுரை. அதன் வலப்பக்கத் தகவல் கட்டத்தில் ‘இயற்பெயர்’ என்று ஒரு வரி உண்டு. எழுத்தாளர்களை மனதில் வைத்துப் போட்ட வரி அது. புனைபெயரில் எழுதுகிறவர்கள் நம் மொழியில் அதிகம் அல்லவா. அந்த வரி காலியாகக் கிடந்தால் யாருக்காவது கை துறுதுறுக்கிறது. ஒரு நாள் இரவு ஒருவர், பிறந்தபோது பெற்றோர் வைத்த ஆண் பெயரை அதில் நிரப்பிவிட்டார். சான்றாகப் பழைய நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கொடுத்திருந்தார். நான் நீக்கினேன். மறுநாள் காலையில் பெயர் திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தது. “சான்று இருக்கிறதே அக்கா, ஏன் எடுக்கிறீர்கள்?” என்று உரையாடல் பக்கத்தில் கேட்டிருந்தார். கெட்ட எண்ணம் இல்லை, விதிகளை ஒழுங்காகப் படித்த பிள்ளை. அந்தப் பெயரில் அந்தக் கலைஞர் ஒரு மேடையாவது ஏறியிருக்கிறாரா என்று திருப்பிக் கேட்டேன். இல்லை. அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டால் அவருடைய கலையைப் பற்றி வாசகருக்குக் கூடுதலாக என்ன விளங்கும்? ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தப் பெயரால் யாருக்கு என்ன பயன்? வீடு பிடிக்கப் போன இடத்தில், வேலை கேட்டுப் போன இடத்தில், அவரை அவமானப்படுத்த நினைப்பவனுக்குத்தான். பதினோரு நாள் பேசினோம். கடைசியில் அந்தத் தம்பியே எடுத்துவிட்டார்.

இது என் சொந்தக் கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேட்டிலேயே இது இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒரு திருநர், அதாவது பிறந்தபோது குறித்த பாலினத்திலிருந்து மாறி வாழ்கிறவர், பழைய பெயரில் பொதுவெளியில் அறியப்பட்டவர் இல்லையென்றால், நம்பகமான சான்று இருந்தாலும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்கிறது. சான்று இருந்தாலும் என்பதுதான் முக்கியம். அங்கே நீண்ட சண்டைகளுக்குப் பிறகுதான் இந்த இடத்துக்கு வந்தார்கள்.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கல். பெயரைத் தாண்டினாலும் வினைமுற்று விடாது. பிறந்தான், பிறந்தாள், பிறந்தார் என்று ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். குழந்தைப் பருவத்துக்கு ‘ஆன்’, மாற்றத்துக்குப் பிறகு ‘ஆள்’ என்று ஒரே கட்டுரையில் பாதி வழியில் விகுதி மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. அதுதான் துல்லியம் என்று வாதாடவும் செய்வார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரம் அவர்கள் பக்கம் இல்லை. ஆண்மை திரிந்தவர்களை உயர்திணையில் வைத்து, ஆண்பாலை உணர்த்தும் சொல் அவர்களுக்குப் பொருந்தாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. இன்று நாங்கள் எல்லாருக்குமே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘ஆர்’ விகுதியில் எழுதுகிறோம். கட்டுரையும் கெடவில்லை, மரியாதையும் கெடவில்லை.

சரி, நீக்க வேண்டியதைச் சொன்னேன். சேர்க்க முடியாமல் தவிப்பதுதான் இதைவிடப் பெரிய வருத்தம். சித்திரை மாதம் வந்தால் எங்கள் பக்கம், திருநங்கைகள் கூடும் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்காகக் கூவாகத்துக்குப் படக்கருவிகள் வந்து குவியும். தாலி கட்டுவது, அறுப்பது, அழுவது, அழகிப் போட்டி. ஆண்டுதோறும் அதே படங்கள். மற்ற பதினொரு மாதமும் இந்த மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள் குறைவு. அச்சில் வந்ததை மட்டும் சேர்க்கலாம் என்றால் கலைக்களஞ்சியத்திலும் கூவாகம்தான் பக்கம் பக்கமாக நிறையும். ஜமாத் என்கிற திருநங்கைகளின் கூட்டுக் குடும்ப அமைப்பில் குருவுக்கும், சீடரான சேலாவுக்கும் என்ன உறவு, வயதானவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அரசிதழில் பெயர் மாற்றிய பிறகு குடும்ப அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் மாற்ற எத்தனை முறை அலைய வேண்டும் என்பதற்கெல்லாம் சான்று தேடினால் கிடைப்பது சொற்பம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நூலகத்துக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து, “திருநம்பி பத்தி புத்தகம் ஏதாவது இருக்கா அக்கா?” என்று கேட்டது. பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்கிறவரைத்தான் திருநம்பி என்கிறோம். திருநங்கைகள் எழுதிய தன்வரலாறுகள் எங்களிடம் உண்டு. திருநம்பிகள் எழுதியது ஒன்றுகூட இல்லை. கணினியில் எங்கள் கலைக்களஞ்சியத்தைத் திறந்து காட்டினேன். நான்கு வரிக் கட்டுரை, அதில் இரண்டு வரி திருநங்கைகளைப் பற்றியது. அந்தப் பிள்ளை அந்த நான்கு வரியையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊடுபால், அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடற்கூறுக்குள் அடங்காத உடலோடு பிறப்பது, என்ற கட்டுரையும் அப்படித்தான் கிடந்தது. பச்சிளம் குழந்தைகளுக்குப் பால் மாற்ற அறுவை செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் சொன்னது; அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. பிரசவ வார்டுக்கு வெளியே குழம்பிப்போய் நிற்கும் ஒரு அப்பாவுக்கு அந்தக் கட்டுரையில் முதலில் தெரிய வேண்டியது இதுதான். மேலே ஏற்றி எழுதினோம்.

எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்தில் பாலினத்துக்கென்றே தனியாக உள்ள கூட்டுக் கலைக்களஞ்சியங்களில் நூற்றுக்கணக்கான அடையாளச் சொற்கள் இருக்கின்றன; பலவற்றுக்குத் தனிக் கொடியும் உண்டு. அவற்றை அப்படியே இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, தமிழில் ஒருவர் வாயிலும் வராத சொல்லுக்குத் தனிக் கட்டுரை தொடங்குகிறார்கள். ஒரு சொல்லைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்டுகிற ஒருவரைப் பொய் என்று தள்ள எனக்கு உரிமை இல்லை. சொற்பட்டியலில் ஒரு வரியாக, எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு அது இருக்கட்டும். தமிழில் புழங்கட்டும், பிறகு தனிக் கட்டுரை எழுதலாம். அதேபோல, திருநங்கைகள் பாதுகாப்புக்காகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சங்கேதச் சொற்களை ஒருவர் ஆய்வேட்டிலிருந்து எடுத்துப் பட்டியல் போட வந்தார். சான்று கச்சிதமாக இருந்தது. எனக்குத் தெரிந்த மூத்த திருநங்கை அம்மா ஒருவரிடம் கேட்டேன். “போலீஸ்காரன் பக்கத்துல நிக்கும்போது நாங்க எதுல பேசிக்கிறது கண்ணு?” என்றார். பட்டியல் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

பழைய சொற்களைத் துடைத்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2008 ஏப்ரலில் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கான நல வாரியம் தொடங்கியபோது அதன் பெயரிலேயே அரவாணிகள் என்றுதான் இருந்தது. அந்தச் சொல் வரலாற்றுப் பகுதியில் இருக்கத்தான் வேண்டும். இன்று ஒருவரை விவரிக்கும் முதல் வரியில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மருத்துவ நூல்களும் அப்படித்தான். பாலின முரண்பாட்டை, அதாவது பிறந்தபோது குறித்த பாலினமும் ஒருவர் தன்னை உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை, மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பிரிவில் வைத்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய பாடநூலை மேற்கோள் காட்டி இன்றைக்கும் நோய் என்று எழுதினால், சான்று இருந்தும் அது தவறுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் வருவதைத்தான் நாங்கள் சான்றாகக் காட்டுகிறோம். ஊடகங்கள் மரியாதையான சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்று, உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் சொற்பட்டியல் வெளியிட்டது. அது உங்கள் உதவி ஆசிரியர்களின் மேசையில் இருக்கட்டும். ஒரு திருநங்கையைப் பேட்டி காணும்போது ‘முன்பு உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்காதீர்கள். அவர்களே சொன்னாலும் அச்சிடும் முன் ஒருமுறை அனுமதி கேளுங்கள். திருநம்பிகளைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை போடுங்கள், சித்திரை வரை காத்திருக்காமல். எங்கள் நான்கு வரிக் கட்டுரை இப்போது நாற்பது வரி ஆகியிருக்கிறது. அதில் பதினைந்து வரிக்கு மேல் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
கிளை நூலக ஊழியர் ஒருவர்,
விழுப்புரம்