நான்கு நிமிடம் முப்பத்திரண்டு நொடி

அன்புள்ள மருமகளுக்கு,

கெய்ரோவுக்கு வந்து பெல்லி டான்ஸ் ஆடப்போகிற உன் செய்தி கிடைத்தது. "மாமா, நான் ஆடப்போகும் இசையை வாத்தியக்காரர்கள் முன்கூட்டியே பதிவு செய்து அனுப்புவார்களா? நான்கு நிமிடம் முப்பத்திரண்டு நொடிக்கு மிகாமல் இருந்தால் நல்லது" என்று கேட்டிருக்கிறாய். இங்கே எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக நடன நிகழ்ச்சிகளுக்குத் தபலா வாசிக்கிறவர். உன் கேள்வியை அரபியில் அவரிடம் சொன்னேன். "முப்பத்துமூன்றாவது நொடியில் என்ன, மின்சாரம் போய்விடுமா?" என்று கேட்டுவிட்டு, டீயில் நான்காவது கரண்டி சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினார். அவருடைய பதில் அவ்வளவுதான். மீதியை நான் எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். பொதுவில் எழுதுவதற்கு உன் அம்மாதான் காரணம். நீ பிரமிடு பார்க்கப் போவதாக அக்கா சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பது என் காதுக்கும் வந்துவிட்டது. அக்கா, 'பெல்லி டான்ஸ்' என்ற பெயரே இந்த ஊர்ப் பெயர் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'வயிற்று நடனம்' என்று சொல்லிவைத்தார்கள். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி அது அமெரிக்காவில் பிரபலமாகி, அங்கிருந்து உலகமெல்லாம் பரவிவிட்டது. இங்கே அதற்கு ரக்ஸ் ஷர்கி, அதாவது கீழைநாட்டு நடனம், என்றுதான் பெயர். முகச்சுளிப்பு இங்கேயும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி, பொது இடங்களில் ஆடிய பெண்களைக் கெய்ரோவிலிருந்து தெற்கே விரட்டினார். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் ஆடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் கூடி வாழ்ந்த தெருவுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். உன் மகள் அரங்கேற்றம் செய்த பரதம், சதிர் என்ற பெயரில் இருந்தபோது பட்ட பாடு உனக்கு நினைவிருந்தால் இதற்குமேல் நான் பேச வேண்டியதில்லை.

சரி, மருமகளே, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சென்னையில் பயின்றதெல்லாம் ஒலிப்பெருக்கியின் முன்னால். இங்கே உனக்குப் பின்னால் மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பழைய வழக்கப்படி அந்தக் குழுவுக்குத் தக்த் என்று பெயர். மேடை என்று பொருள். ஊத் என்கிற தந்தி வாத்தியம், மடியில் வைத்து மீட்டும் கானூன், நாய் என்கிற நாணற்குழல், வயலின், சில்லுகள் வைத்த ரிக் என்கிற சிறு பறை. நாயின் பெயரைக் கேட்டுச் சிரிக்காதே. நானும் முதல் மாதம் சிரித்து முடித்துவிட்டேன். 1926இல் பதீயா மசாப்னி என்ற பெண்மணி கெய்ரோவில் இசையரங்கு தொடங்கிய பிறகு மேடை பெரிதாயிற்று, கூடவே குழுவும் பெரிதாயிற்று. தஹியா கரியோகா, சாமியா கமால் போன்ற நட்சத்திரங்கள் எழுந்தது அவருடைய மேடையிலிருந்துதான். புகழ்பெற்ற நடனக் கலைஞர் என்றால் சொந்தமாகவே ஒரு குழு வைத்துக்கொள்வது இந்த ஊர் வழக்கமாகிவிட்டது. முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து வாசித்த காலம் உண்டு. இப்போது நைல் நதிப் படகுகளில் பெரும்பாலும் ஒரு கீபோர்டு, ஒரு தபலா, ஒரு பாடகர், இன்னும் ஓரிருவர். கீபோர்டு குழலாகவும் ஊளையிடும், கானூனாகவும் கிணுகிணுக்கும். எனக்கு அதன்மேல் தீராத கோபம். உனக்காக நாங்கள் திரட்டியிருக்கும் குழுவில் அதற்கு இடம் கிடையாது.

கானூன் வாசிப்பவரின் இடது கையை ஒத்திகையின்போது கொஞ்சம் பார். எழுபத்தெட்டுத் தந்தி, மும்மூன்றாக ஒரே சுரத்துக்கு. இடது ஓரத்தில் பல்வரிசை போலச் சின்னச் சின்ன உலோகத் தட்டுகள். இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் வளையம் மாட்டி மீட்டிக்கொண்டே, இடது கையால் ஒரு தட்டை மேலே தள்ளி இன்னொன்றைக் கீழே சாய்ப்பார். கண்ணுக்குத் தெரிவது அந்தச் சிறு அசைவு மட்டும்தான். அதற்குள் மகாம் மாறியிருக்கும். மகாம் என்பதை ராகம் என்று வைத்துக்கொள், முழுக்கச் சரியில்லை என்றாலும் பாதகமில்லை. ஹிஜாஸ் என்ற மகாம் வந்தால் உனக்கு உடனே பிடிபடும். அதன் முதல் நான்கு சுரம் நம் மாயாமாளவகௌளையின் ச ரி க ம. ராஸ்த் வந்தால்தான் குழம்புவாய். அதன் காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ நிற்கும். முதலில் சுருதி விலகியதுபோலக் கேட்கும். ஒரு வாரம் காது கொடு, விலகியது நம் காதுதான் என்று தெரியும்.

அக்கார்டியன் அந்தக் காந்தாரத்தை எப்படி வாசிக்கும் என்று நீ கேட்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிக்கு அந்தச் சுரம் தெரியாது. இதே குறைக்காக நம் ஊர் வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தது. எகிப்தியர்கள் வேறு வழி கண்டார்கள்: பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் உலோக நாக்குகளை அராவித் தங்களுக்கு வேண்டிய சுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று பலதி ஆட்டத்தை அக்கார்டியன் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பலதி என்றால் 'என் ஊர்' என்று பொருள். பெட்டி தாளமில்லாமல் இழுத்து இழுத்து ஏதோ முறையிடும். நீ கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்பாய். பிறகு பெட்டி ஒரு துண்டுக் கேள்வி கேட்கும், தபலா 'தக்' என்று ஒரே அடியில் பதில் சொல்லும். இன்னொரு கேள்வி, இன்னொரு அடி. அந்த இடத்தில் இடுப்பால் நீயும் ஒரு சொல் போடலாம். ஒன்றுதான், இரண்டு போட்டால் அதிகப்பிரசங்கம்.

இங்கே தபலா என்றால் நம் இரட்டைத் தபலா இல்லை. கோப்பை வடிவத்தில் ஒரே முழவு; இடது தொடைமேல் சாய்த்து, கைக்குள் அணைத்து வாசிப்பது. இப்போது பெரும்பாலும் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் முகமும்தான். என் நண்பர் பழைய ஆள், இன்னும் மண் தபலா வைத்திருக்கிறார், முகத்தில் மீன் தோல். ஜனவரி இரவில் நைலிலிருந்து ஈரக்காற்று வந்தால் தோல் தளர்ந்து, சத்தம் தொளதொளத்துவிடும். அதற்காக உள்ளே ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டு எரியவைப்பார். இருட்டான மேடை ஓரத்தில், உள்ளே விளக்கெரியும் அந்தத் தோல் இளமஞ்சளாக, நரம்பு நரம்பாகத் தெரியும். அவர் குனிந்து காதை வைத்து விரல் நுனியால் சுண்டிப் பார்ப்பார், தலையசைப்பார், இன்னும் ஐந்து நிமிடம் விடுவார். பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த முதல் இரவிலேயே அவர் சொந்தக்காரராகிவிட்டார்.

தாளங்களை நீ மனப்பாடம் செய்திருப்பாய். இருந்தாலும் ஒரு முறை வாயால் சொல்லிப் பார்; 'தும்' நடுவில் விழும் கனத்த அடி, 'தக்' ஓரத்து அடி, புள்ளி இடைவெளி. மக்சூம்: தும் தக் . தக் தும் . தக் . இதில் இரண்டாவது அடியையும் 'தும்' ஆக்கினால் பலதி: தும் தும் . தக் தும் . தக் . நடுவில் இரண்டு 'தும்' சேர்ந்தாற்போல விழுந்தால் சயீதி: தும் தக் . தும் தும் . தக் . எல்லாம் எட்டுக்குள்தான். ஆனால் சயீதி கேட்டதும் இங்கே கிழவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்; அது தெற்கு எகிப்தின் தாளம், சிலம்பம் போன்ற தஹ்தீப் என்ற கம்பு விளையாட்டின் மண். அங்கே மிஸ்மார் ஊதுவார்கள், நம் நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்த கருவி. ஒருவர் வாசிக்க, மற்றவர் மூச்சு விடாமல் ஒத்து ஊதுவார். அந்தத் தாளத்துக்கு நீ மெல்லிய பட்டுத் துணியைச் சுழற்றிக்கொண்டு மிதந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். தபலாக்காரர் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

எனக்குக் கவலையெல்லாம் தக்சீமைப் பற்றித்தான். ஒரு வாத்தியம் மட்டும், தாளமில்லாமல், நம் ஆலாபனை போல. போன ஆண்டு ஒரு படகில் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த பெண், நன்றாகப் பயின்றவள்தான். நுழைவு நடனத்தை அருமையாகச் செய்தாள். பிறகு குழல் தனியே எழுந்தது. அவள் உதடு அசைவது எனக்கே தெரிந்தது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணுவதற்கு அங்கே எதுவும் இல்லை. குழல் ஒரு சுரத்தில் நின்றது, அவள் கை அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. குழல் நகர்ந்தது, அவள் நின்றாள். தபலாக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்; அவர் தபலாமேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார், பாவம், அவர் என்ன செய்வார். குழல் வாசித்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். நாற்காலியில் கொஞ்சம் திரும்பி அவளை நேராகப் பார்த்து உட்கார்ந்தார். மேலே போகவேண்டிய சஞ்சாரத்தை விட்டுவிட்டு, அவள் கை எங்கே இருந்ததோ அதற்கேற்ற ஒரு சின்னப் பிடியை வாசித்தார். திரும்ப அதையே வாசித்தார். மூன்றாம் முறை அவள் எண்ணுவதை விட்டாள். பிறகு மெதுவாக இறங்கி ஆதார சுரத்தில் வந்து கஃப்லா வைத்தார். கஃப்லா என்றால் பூட்டு, நம் தீர்மானம் மாதிரி. மூலை மேசையிலிருந்து யாரோ 'அல்லாஹ்!' என்றார்கள். அது நம் 'ஆஹா'தான். அந்தப் பெண் அது தனக்கென்று நினைத்திருப்பாள். பாதி அவளுக்குத்தான்.

இது உனக்குப் புதிதில்லை என்பதால்தான் உரிமையோடு சொல்கிறேன். உன் அரங்கேற்றத்தில் வர்ணத்தின் நடுவே வலது கால் சலங்கை அவிழ்ந்தது நினைவிருக்கிறதா? நீ திரும்பி நின்று கட்டி முடிக்கும்வரை பாடியவர் அதே அடியை மூன்று முறை பாடினார், மிருதங்கம் ஏதோ திட்டமிட்டதுபோல நடை மாற்றிக்கொண்டது. சபையில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் ஒலிப்பதிவு அந்த உதவியைச் செய்யாது. நான்கு முப்பத்திரண்டில் அது முடிந்துவிடும், நீ சலங்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாய்.

பாட்டைப் பற்றி ஒன்று. 'இன்த உம்ரி'தான் வேண்டும் என்கிறாய். நல்லது, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். 1964இல் எகிப்தின் பெரும் பாடகி உம் குல்தூம் பாடியது, முகமது அப்தெல் வஹாப் இசை. மேடையில் ஒரு மணி நேரம் போகும், பாட்டு தொடங்குவதற்கு முன்பே நீண்ட வாத்திய இசை. அதில் மின் கிதார் வைத்ததற்கு அந்தக் காலத்தில் பழமைவாதிகள் முணுமுணுத்தார்கள். அந்த முகப்பு இசையைத்தான் நடனத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். முகப்போடு நின்றால் பிழைத்தாய். சொல் வரும் இடத்துக்குப் போவதானால் பொருள் தெரிந்துகொண்டு போ. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் அத்துப்படி. ஏக்கத்தைச் சொல்லும் வரிக்கு நீ பல் தெரியச் சிரித்தால் பின்வரிசைப் பாட்டிகள் உன்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள், அதை நான் மொழிபெயர்க்கமாட்டேன்.

கடைசியாகத் தபலா தனி. இதற்குத்தான் பயப்படுகிறாய் என்று தெரியும், உண்மையில் இதுதான் எளிது. அவர் ஒரு சொற்கட்டைப் பெரும்பாலும் நான்கு முறை வாசிப்பார். முதல் முறை கேள், அவசரப்படாதே. இரண்டாவதில் பிடித்துக்கொள். நான்காவதின் முடிவில் ஒரு திருப்பம் வைப்பார், அதற்கு முன் புருவம் ஏறும். புருவத்தைப் பார்க்க வேண்டுமானால் நீ அவர் பக்கம் திரும்ப வேண்டும். ஒலிப்பெருக்கிக்கு முன் ஆடிப் பழகியவர்கள் மாலை முழுக்க வாத்தியக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஆடுவார்கள். என் நண்பருக்கு இதில்தான் வருத்தம். அப்படி ஆடிய ஒருத்தியைப் பற்றி, "அவள் இடுப்பை இரண்டு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தேன், மனைவி கேட்டால் தொழில் என்பேன், ஒரு முறையாவது என் முகத்தை அவள் பார்த்திருக்கலாம்" என்றார்.

ஒத்திகை இரண்டு நாள் வைத்திருக்கிறோம். இரண்டாம் நாள் மாலை உன்னை முகமது அலி தெருவுக்கு அழைத்துப்போகிறேன். முன்பு கல்யாணத்தில் வாசிக்க ஆள் தேடுகிறவர்கள் அங்கே காப்பிக் கடைக்கு வந்தால் போதும், வாத்தியக்காரர்கள் வாத்தியத்தோடு காத்திருப்பார்களாம். இப்போது மரச்சாமான் கடைகள் அதிகம். ஊத் கடைகள் சில இருக்கின்றன. என் ரிக்கை அங்கேதான் வாங்கினேன்: வட்டச் சட்டம், மீன் தோல், சுற்றிலும் பத்து இணை பித்தளைச் சில்லுகள். ஏழு ஆண்டாக வாசிக்கிறேன், இன்னும் என்னைக் கடைசி நாற்காலியில்தான் உட்காரவைக்கிறார்கள்.

வரும்போது ஒரு கஞ்சிரா வாங்கிக்கொண்டு வா. நம் ஊரில் இதே மாதிரி ஒன்று உண்டு, ஒரே ஓர் இடத்தில்தான் சில்லு, வாசிக்கும் முன் தோலை நனைத்துச் சுருதி இறக்குவோம் என்று சொன்னேன். நண்பர் நம்பவில்லை. வாழ்நாளெல்லாம் ஈரத்தோடு சண்டை போட்டவர் அவர்; வேண்டுமென்றே தண்ணீர் தெளிப்பார்களா என்று கேட்கிறார். உடும்புத் தோல் வேண்டாம், சட்டச் சிக்கல். ஆட்டுத் தோல் போதும். கைப்பையில் வை, பெட்டியில் போட்டால் நசுங்கிவிடும்.

அன்புடன்,
மாமா