சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு,

பழைய மில் தொழிலாளர் குடியிருப்புகளைப் புதுப்பிக்கும்போது சுவர் முழுக்கச் சிமென்ட் பூசுவதை நிறுத்த வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்கிற இந்த வேலைதான் அந்த வீடுகளைக் கெடுக்கிறது.

செங்கல்லோ கல்லோ, அந்த வரிசை வீடுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் காரை வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறும். அதிலுள்ள உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, முகப்பைச் செதில் செதிலாக உரிக்கும். பூச்சைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். பெயர்த்தால் செங்கல் பொடியாகக் கொட்டும். இந்த வீடுகளில் நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஒரு பக்கம் அடைத்தால் ஈரம் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பும், சுவரில் பதிந்த உத்தர நுனி உளுத்துப்போகும். அதனால் ஒரு வரிசை முழுவதையும் ஒரே வேலையாக எடுப்பதே முறை.

முதலில் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்: கூரை, மழைநீர்க் குழாய், சுவரோர மண். தெருவை உயர்த்தி உயர்த்தி, பல வீடுகளின் தரை பள்ளமாகிவிட்டது. முடிந்த இடத்தில் வெளிமண்ணை உள்தரைக்கு 15 செ.மீ. கீழே இறக்காமல் எந்தப் பூச்சு பூசினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

சிமென்ட்டை உளியாலும் கைச்சுத்தியலாலும் எடுக்க வேண்டும். மிஷின் வைத்தால் செங்கல் விளிம்பு உடையும். செங்கற்களுக்கு இடையிலுள்ள ஜாயின்ட்டை அதன் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழம் சுரண்டி, தூசி தட்டி, நனைத்து, நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத கரடுமணல் 3 பங்கு கலந்து அடைக்கலாம். பூச்சு ஒரு தடவைக்கு 10 மி.மீ. போதும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல இறுகும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். ஈரச்சாக்கு கட்டி ஒரு வாரமாவது காக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் ஒரு கரண்டி சிமென்ட் சேர்த்தால் கலவையே கெட்டது. மேலே வெள்ளையடிக்கலாம், எமல்ஷன் கூடாது.

ஜன்னல் அளவையும் மாற்ற வேண்டாம். இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் பஞ்சாலை முதலாளி ஆர்க்ரைட் 1776-இல் கட்டிய நார்த் ஸ்ட்ரீட் வீடுகளின் மேல்தளத்தில் நீண்ட ஜன்னல்கள் இருக்கின்றன. நெசவுக்கு வெளிச்சம் வேண்டி வைத்தவை அவை. அடைத்துவிட்டால் உள்ளே நடந்த வேலைக்குச் சுவரில் சாட்சி இல்லை.

மராமத்து டெண்டரில் 'சுண்ணாம்புக் காரை மட்டும்' என்ற ஒரு வரியை அதிகாரிகள் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்