மஞ்சள் குடும்பத்தைப் பற்றி, நியூஜெர்சி நண்பனுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல். கொஞ்சம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததுமே நிறுத்திவிடக் கூடியவர் அவர். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அவளும் சேர்ந்து டிவி பார்ப்பது நின்றுபோனதுதான் எனக்குக் குறை.

அப்புறம், நீ எழுதியிருந்த சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் விஷயம். நீ முதலில் வேலை பார்த்த இடத்தில், சாயங்காலம் நீ கிளம்பும்போதெல்லாம் ஒருவன், அதில் வரும் இந்தியக் கடைக்காரர் அபுவின் குரலில் "தேங்க் யூ, கம் அகெய்ன்" என்பான், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், நீயும் சிரித்துவைப்பாய் என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷத்தில் இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. அந்தத் தொடர் மேல் எனக்குள்ள பிரியம் தெரிந்துதான் சொல்லாமல் இருந்தாய் போலிருக்கிறது. கடைசியில், "ஆனால் அவர்கள் தங்களைத்தானே முதலில் கிண்டல் செய்துகொள்கிறார்கள், அப்படிப்பட்டவர்களிடம் எப்படிக் கோபப்படுவது?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

தொடரை எடுப்பவர்கள் தங்களையே கிண்டல் செய்துகொள்வது உண்மைதான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த அளவுக்கு வேறு யாரும் செய்ததில்லை என்று நினைக்கிறேன். 1987-ல் ட்ரேசி உல்மன் நிகழ்ச்சிக்கு நடுவே வரும் துணுக்குப் படங்களாகத் தொடங்கி, 1989 டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் கதையோடு அரைமணி நேரத் தொடராக வளர்ந்தது. தொடரை உருவாக்கிய மேட் கிரேனிங் தன் அப்பா, அம்மா, சகோதரிகளின் பெயரையே கதையின் அப்பா, அம்மா, மகள்களுக்கு ஹோமர், மார்ஜ், லிசா, மேகி என்று வைத்தார். ஆரம்ப வருஷங்களில் அந்த வீட்டுக் குறும்புப் பையன் பார்ட்டின் படம் போட்ட டி-ஷர்ட்டைச் சில பள்ளிக்கூடங்கள் தடை செய்தன. 1992-ல் தேர்தல் நேரத்தில், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைவிட வால்டன்களைப் போல இருக்க வேண்டும் என்று ஜனாதிபதி மூத்த புஷ் பேசினார். 1930-களின் பொருளாதார மந்தநிலையில் வாழும் நல்ல குடும்பத்தைப் பற்றிய பழைய தொடர் அது. சில நாட்களிலேயே ஒரு மறுஒளிபரப்பின் தொடக்கத்தில் புதுக் காட்சி ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். புஷ் பேசுவதைக் குடும்பமே டிவியில் பார்க்கிறது. "நாங்களும் வால்டன்கள் மாதிரிதான், மந்தநிலை எப்போது முடியும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம்" என்கிறான் பார்ட். நாட்டின் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம் அது.

அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்யத் துணிச்சல் போதும். தன்னைக் கிண்டல் செய்ய இன்னும் ஏதோ வேண்டும். 1997-ல் அதை இரண்டு தடவை செய்தார்கள், இரண்டும் எட்டாவது சீசனில்.

முதலாவது பூச்சி என்ற நாயின் கதை. பார்ட்டும் லிசாவும் பார்க்கும் கார்ட்டூன் 'இட்சி அண்டு ஸ்க்ராட்சி'. அதற்குப் பார்வையாளர்கள் குறைகிறார்கள். சேனல்காரர்கள் குழந்தைகளை ஒரு அறையில் உட்காரவைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். எல்லாம் யதார்த்தமாகவும் இருக்க வேண்டும், மாயாஜால ரோபோக்களும் வேண்டும் என்கிறார்கள் குழந்தைகள். அப்போது லிசா சொல்வாள்: கார்ட்டூன் கெட்டுப்போகவில்லை, ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்தப் பாத்திரங்கள் முன்பு போல நம்மைத் தொட முடியாது. எபிசோட் எண்ணிக்கையில் சிம்ப்சன்ஸ் பழைய கார்ட்டூன் தொடரான ஃப்ளின்ட்ஸ்டோன்ஸைத் தாண்டிய நாளில் ஒளிபரப்பான கதை இது. கொண்டாட வேண்டிய நாளில் தங்களைப் பற்றித் தாங்களே இப்படிச் சொல்லிக்கொண்டார்கள். கதையில், கார்ட்டூனைச் சரிசெய்யப் பூச்சி என்ற புது நாயைச் சேர்த்ததும், காமிக்ஸ் கடைக்காரர் வந்து, "இதுவரை வந்ததிலேயே படுமோசமான எபிசோட்" என்று சலித்துக்கொள்வார். இணையத்தில் ரசிகர்கள் எழுதிக்கொண்டிருந்ததையே எடுத்து அவர் வாயில் வைத்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க எந்தத் தொடரைத் திட்டுகிறவர்களும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது, ஃப்ராங்க் க்ரைம்ஸ் கதை. இதைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச ஆசை. சின்ன வயதிலேயே பெற்றோர் கைவிட்டவன், பள்ளிக்கூடமே போகாதவன், விபத்தில் அடிபட்டுத் தேறி, தபால் வழியில் அணு இயற்பியல் படித்து வேலைக்கு வருகிறான். மேலே ஒரு பௌலிங் கூடம், கீழே ஒரு பௌலிங் கூடம், நடுவில் அவன் குடியிருப்பு. அணுமின் நிலையத்தில் அவன் பக்கத்தில் ஹோமர்: சோம்பேறி, தூங்குமூஞ்சி, அவனுடைய சாண்ட்விச்சையும் விட்டுவைக்காதவன். அமிலத்தைத் தெரியாமல் குடிக்கப்போன ஹோமரைக் காப்பாற்றியதற்கு க்ரைம்ஸின் சம்பளம் வெட்டப்படுகிறது. ஹோமரின் வீட்டுக்குப் போகிறான். பெரிய வீடு, அன்பான குடும்பம், ஜனாதிபதியோடு எடுத்த படம், விண்வெளிக்குப் போய்வந்த படம், கிராமி விருது. நாம் எட்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டே பார்த்த எல்லாவற்றையும், முதல் தடவையாக நிஜ உலகத்தின் ஒரு மனிதன் பார்க்கிறான். இவனுக்கு இதெல்லாம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறான். ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் புத்தி பேதலித்து, ஹோமரைப் போலவே நடந்து காட்டுகிறேன் என்று உயர் அழுத்த மின்கம்பியை வெறுங்கையால் பிடித்துச் செத்துப்போகிறான். அவன் இறுதிச் சடங்கில் ஹோமர் தூங்கிவிட்டு, "மார்ஜ், சேனலை மாற்று" என்று உளறுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. சிரிப்பவர்கள் கதை நடக்கும் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு ஆட்கள் மட்டும் இல்லை, நாமும்தான். ஹோமரைச் செல்லப் பிள்ளையாக வைத்திருந்த நம் எல்லோரையும் அந்த அரைமணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டது. தங்கள் நாயகன் மேல் இருந்த பிரியத்தையே பணயம் வைத்தார்கள். சுய எள்ளலுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். பல எபிசோட்களின் தொடக்கத்தில் பார்ட் கரும்பலகையில் தண்டனை எழுதுவான் அல்லவா, எப்போதும் நகைச்சுவையாகத்தான் இருக்கும். டீச்சர் க்ரபாப்பலுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013-ல் இறந்தபோது, அவர் இல்லாதது பெரிய குறை என்று ஒரே ஒரு வரி, ஒரே ஒரு தடவை எழுதினான். எங்கே கிண்டலை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அதனால்தான் உன் விஷயத்தில் எனக்கு வருத்தம் அதிகம்.

எல்லாக் கிண்டலும் க்ரைம்ஸ் கதை போல இல்லை. 1999-ல், தொடரை ஒளிபரப்பும் ஃபாக்ஸ் சேனலின் முதலாளி ரூபர்ட் மர்டாக்கே வந்து, தன்னைக் கோடீஸ்வரக் கொடுங்கோலன் என்று தன் குரலிலேயே அறிமுகம் செய்துகொண்டார். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் அதனால் மர்டாக்குக்கு எதுவும் குறையவில்லை. கூத்தில் கட்டியங்காரன் பண்ணையாரைக் கிண்டல் செய்தால் முதலில் சிரிப்பவர் பண்ணையார்தான், மறுநாள் நிலம் அவர் பெயரிலேயேதான் இருக்கும். 2010-ல் பேங்க்ஸி என்ற சுவரோவியர் வரைந்து கொடுத்த தொடக்கக் காட்சி இன்னும் கசப்பானது. இருட்டுக் கொட்டடியில் ஆசியத் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சிம்ப்சன்ஸ் படங்களை வரைகிறார்கள், சோர்ந்துபோன ஒற்றைக்கொம்புக் குதிரை டிவிடிக்கு ஓட்டை போடுகிறது, கடைசியில் ஃபாக்ஸ் முத்திரையைச் சுற்றி முள்வேலி. அந்தப் படங்களை நிஜத்தில் வரைந்து கொடுப்பது தென்கொரிய ஸ்டுடியோக்கள். அந்தக் காட்சியையும் அவர்கள்தான் வரைய வேண்டியிருந்தது. தங்கள் இடத்தை இப்படிக் காட்டியதைப் பற்றி, சியோலில் ஏகோம் ஸ்டுடியோவை நடத்திய நெல்சன் ஷின் வெளிப்படையாகவே ஆட்சேபம் சொன்னார். கிண்டல் யாருடையது, அது யார் தலையில் விழுந்தது என்று பார்.

சரி, அபு. அபுவுக்கு அவர்கள் கொடுத்ததும் கொஞ்சம் இல்லை. பெயர் சத்யஜித் ரேயின் படங்களில் வரும் அபுவிடமிருந்து வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸில் முனைவர் பட்டம் பெற்றவர். 1996-ல் வந்த ஒரு கதையில், குடியேறிகளைத் துரத்த ஊரே ஓட்டுப் போடும்போது அவர் குடியுரிமைத் தேர்வு எழுதுகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்கிறார்கள். அவர் விரிவாக, பல காரணங்களையும் சொல்லத் தொடங்க, தேர்வு நடத்துபவர் "அடிமை முறை என்று மட்டும் சொல்லுங்கள் போதும்" என்கிறார். எவ்வளவு நல்ல காட்சி! ஆனால் உன் அலுவலகத்துக்கு அந்தக் காட்சி வரவில்லை. முனைவர் பட்டமும் வரவில்லை. ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர் பேசிய அந்த உச்சரிப்பும் அந்த ஒற்றை வாக்கியமும்தான் வந்தன.

இதில் என்னை வாட்டுவது என்ன தெரியுமா? இப்படித்தான் நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1994-ல் 'பார்ட் கெட்ஸ் ஃபேமஸ்' என்று ஒரு எபிசோட். "ஐ டிட்ன்ட் டூ இட்" என்று மேடையில் தற்செயலாக உளறிய பார்ட், அந்த ஒரே வாக்கியத்தால் நாடெங்கும் புகழ் பெறுகிறான். அதற்குமேல் அவன் என்ன பேசினாலும் யாருக்கும் வேண்டாம், அந்த வரி மட்டும் போதும். பிறகு அதுவும் சலித்து அவனைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். ஒரு முத்திரை வாக்கியம் ஒரு முழு மனிதனை எப்படி விழுங்கும் என்று காட்டியவர்கள், பக்கத்துக் கடையில் நிற்கும் அபுவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2016-ல் அபுவின் சகோதரர் மகனாக ஒரு இளைஞனைக் கொண்டுவந்து, உத்கர்ஷ் அம்புட்கரைக் குரல் கொடுக்கவைத்து, அபு ஒரு வார்ப்பு பொம்மை என்று அவன் வாயாலேயே சொல்லவைத்தார்கள். சொன்னதோடு சரி. 2017-ல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர், அபுவைப் பற்றிய தன் ஆவணப்படத்தில் நீ பட்டதைப் போலவே பட்ட பலரையும் பேசவைத்தார். அதற்குப் பதிலாக 2018 ஏப்ரலில், லிசா நேராக நம்மைப் பார்த்து, பல வருஷங்களுக்கு முன் எல்லோரும் கைதட்டிய ஒன்று இப்போது தப்பாகிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டாள். பக்கத்தில் அபுவின் படம். லிசா! ஸ்பிரிங்ஃபீல்டில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் முதலில் எழுந்து நிற்கிறவள். அவளை வைத்தா இதைச் சொல்வது? க்ரைம்ஸ் கதையில் குற்றம் தங்கள் நாயகன் மேல் விழச் சம்மதித்தார்கள். இங்கே பழியைக் காலத்தின் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான் மச்சான். தன்னைக் கிண்டல் செய்துகொள்கிறவனுக்கு அதில் ஏதாவது இழப்பு இருந்தால் அது நேர்மை. எதுவும் இழக்காமல், அடுத்தவன் பேசுவதற்கு முன் முந்திக்கொள்வது வெறும் கவசம். இந்தத் தொடர் இரண்டையுமே உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. டிவி சொல்வதை அப்படியே நம்பாதே என்று ஒரு தலைமுறைக்குச் சொன்னது. அது திறந்த கதவு வழியாகத்தான் சௌத் பார்க், ஃபேமிலி கை போன்ற கார்ட்டூன் தொடர்கள் எல்லாம் வந்தன. தாங்கள் எதை யோசித்தாலும் சிம்ப்சன்ஸ் ஏற்கெனவே செய்துவிட்டது என்று 2002-ல் சௌத் பார்க்கே ஒரு எபிசோட் எடுத்தது. அதே நேரம் அந்தக் கவசத்தையும் எல்லோரும் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். இன்று விளம்பரங்கள்கூட, இது விளம்பரம்தான், எங்களுக்கும் தெரியும் என்று நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கின்றன. நாம் சிரித்துவிட்டு வாங்கிவிடுகிறோம்.

எனக்குப் பிடித்த முடிவு அசாரியாவினுடையது. அவர் கேட்டுப் புரிந்துகொண்டார். 2020-ல் அபுவுக்குக் குரல் கொடுப்பதை விட்டுவிட்டதாகச் சொன்னார், 2021-ல் ஒரு பாட்காஸ்டில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தக் குரல் அவருக்குப் பேரும் பணமும் கொடுத்த குரல், அதை விட்டதில் அவருக்கு இழப்பு உண்டு. ஆனால் தொடர் அபுவைப் பேச்சில்லாமல் ஒதுக்கி வைத்தது எனக்குச் சம்மதமில்லை. நம்மவர் ஒருவர் குரலில், க்ரைம்ஸ் கதை அளவுக்குத் துணிந்து, அபுவுக்கு ஒரு கதை எழுதியிருக்க வேண்டும். அவர்களால் முடியும். 2024 செப்டம்பரில் முப்பத்தாறாவது சீசனைத் தொடங்கும்போது, டிவி தொகுப்பாளர் கோனன் ஓ'பிரையனைக் கூப்பிட்டு, செயற்கை நுண்ணறிவு எழுதியதாக ஒரு பொய்யான கடைசி எபிசோட் எடுத்தார்களே, பார்த்தாயா? நீண்ட தொடர்கள் விடைபெறும்போது செய்கிற எல்லாக் கண்ணீர் வித்தையையும் ஒரே மூச்சில் கொட்டி, இதெல்லாம் வேண்டாம், எனக்குப் பத்து வயதே போதும் என்று பார்ட் அடம்பிடிக்கிறான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கூர்மை மிச்சமிருக்கிறது.

அபு வரும் கதைகளை நீ பார்க்க வேண்டாம். க்ரைம்ஸ் கதையை மட்டும் ஒரு தடவை பார், எட்டாவது சீசனில் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பையனுக்கும் பிடிக்கலாம். பார்த்துவிட்டு, அபுவுக்கு ஒரு கதை எழுதச் சொன்னால் நீ எதில் தொடங்குவாய் என்று எழுது. உன்னிடம் அதற்கு விஷயம் இருக்கிறது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் உன்,
பழைய ரூம்மேட்
திருச்சி