வெண்கூரைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

212 வீட்டு மொட்டைமாடிகளுக்கும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து முடிந்தது. தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றியது மதிப்பீட்டுக்குள் அடங்கியது. உரத்தொட்டிகள் மூன்றும் ஓடுகின்றன, மழைநீர்க் குழிகளும் தயார். இவை பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நானும் இத்தோடு விடுகிறேன். கேள்வியெல்லாம் கூரையைப் பற்றித்தான். ‘கோயிலா கட்டினீர்கள், திருப்பணி என்கிறீர்களே’ என்பதும் அதில் ஒன்று. பெயர் வைத்தது பொதுக்குழு, நான் அல்ல.

முதலில், ‘மனு கொடுத்துவிட்டு மாநகராட்சி செய்யட்டும் என்று இருந்திருக்கலாமே’ என்ற கேள்வி. மனுவும் கொடுத்தோம், இரண்டு முறை. பருவநிலை மாற்றம் உலகத் தலைவர்கள் பேச வேண்டிய விஷயம், வார்டு அளவில் என்ன செய்ய முடியும் என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. அதைத்தான் குழு ஏற்கவில்லை. 2020-ல் உலகம் வெளியிட்ட பசுமைக்குடில் வாயுக்களில் 67 முதல் 72 விழுக்காடு நகரங்களின் கணக்கில் வருகிறது என்பது பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் மதிப்பீடு. பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ ஒப்பந்தத்தை அமெரிக்க அரசு ஏற்காமல் நின்றபோது, 2005-ல் சியாட்டில் மேயர் கிரெக் நிக்கல்ஸ், அந்த இலக்கை நம் நகரங்களாவது எட்டுவோம் என்று மற்ற மேயர்களை அழைத்தார். சில மாதங்களில் 141 பேர் கையெழுத்திட்டார்கள், பின்னர் அது ஆயிரத்தைத் தாண்டியது. கையெழுத்திட்ட எல்லோரும் செய்து முடித்தார்களா என்றால் இல்லை. ஆனால் மேலே இருப்பவர் அசையும்வரை கீழே இருப்பவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது அதில் தெரிந்துபோயிற்று.

சரி, மனுவை விட்டு வேலையில் ஏன் இறங்கினோம்? சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நடந்ததைக் குழு அமர்ந்து பேசியது. நகருக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் என்றதும் அங்கே பெரும்பாலோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரியிலிருந்து ஏழு மாதம் சோதனையாக நடத்திவிட்டு, செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். சாலை காலியானதைக் கண்ணால் பார்த்த நகரவாசிகளில் பாதிக்குமேல் வேண்டும் என்றார்கள். 2007-ல் கட்டணம் நிரந்தரமானது. அதே வாக்கெடுப்பைச் சோதனைக்கு முன்பு வைத்திருந்தால் தோற்றிருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே, காட்டிவிட்டுக் கேட்பது என்று முடிவெடுத்தோம்.

சூரியத் தகடு வைத்திருக்கலாம் என்பவர்களுக்கு: சொந்த வீடும் கையில் பணமும் இருப்பவருக்கு அது நல்லது. மேல்மாடியில் வாடகைக்கு இருந்து இரவெல்லாம் வேகிறவருக்கு என்ன வழி? கறுத்த கூரை உச்சிவெயிலில் 65 பாகை செல்சியஸ் வரை சுடும், அதே வெயிலில் நல்ல வெள்ளைப் பூச்சுக் கூரை 28 பாகை வரை குறைவாக நிற்கும். மின்விசிறியோ குளிர்சாதனமோ அத்தனை நேரம் ஓட வேண்டாம், அந்த அளவுக்கு மின்சாரத்துக்காகக் கரியும் எரிய வேண்டாம்.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். குழு கமிஷன் வாங்கியது என்று படிக்கட்டில் நின்று பேசியவர்கள் இதை மட்டுமாவது முழுக்கப் படிக்க வேண்டும்.

ஒப்பந்தம் இரண்டு பூச்சுக்கு. ஒரு லிட்டர் எவ்வளவு பரப்புக்கு வரும் என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. எங்கள் கணக்குப்படி இருபது லிட்டர் டப்பா 310 தேவை, பில்லும் 310-க்கே வந்தது. பொருளாளருக்கு ஏனோ சந்தேகம். காலி டப்பாக்களை எண்ணலாம் என்றார். கிடங்கில் எண்ணினோம்: 245. ஒப்பந்தக்காரரைக் கேட்டால், ‘உங்கள் ஆட்களே டப்பாவை எடுத்துப் போய்விட்டார்கள், என்னைக் கேட்கிறீர்களே’ என்றார். கோபம் வந்தது. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது 17 டப்பாக்களில் செடி வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்று என் வீட்டு வாசலில். எனக்குத் தெரியாமல் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ, மாட்டீர்களோ.

ஆக மொத்தம் 262. மீதி 48 எங்கே? உச்சிவெயிலில் வெப்பமானியோடு ஒவ்வொரு மாடியாக ஏறினோம், ஐந்து நாள். 66 கூரைகளில் ஒரே பூச்சுதான், அடியில் சிமென்ட் சாம்பலாகத் தெரிந்தது, கை வைத்தாலே சூடு வித்தியாசம். அப்புறம் ஒப்பந்தக்காரரும் மறுக்கவில்லை. பாசி சுரண்டாத மாடிகளில் ஆட்கள் நாள்கணக்கில் காத்திருந்ததாகவும், அந்தக் கூலியை ஈடுகட்டவே பூச்சைக் குறைத்ததாகவும் சொன்னார். காத்திருந்தது உண்மை. பழைய கட்டிலையும் உடைந்த சைக்கிளையும் நகர்த்த மறுத்த உறுப்பினர்கள் யார் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை.

அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்திருக்கலாமே என்கிறார்கள். மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஈரத்தில் பூச்சு ஒட்டாது. அவருக்குத் தர வேண்டியதில் பிடித்து வைத்திருந்த பத்தில் ஒரு பங்குத் தொகை எங்கள் கையில் இருந்தது. 66 கூரைக்கும் கூலியில்லாமல் இரண்டாம் பூச்சு அடித்தால்தான் அது கிடைக்கும் என்றோம். பத்தொன்பது நாளில் அடித்துக் கொடுத்தார். இம்முறை டப்பாவைப் பொருளாளர் முன்னால்தான் திறந்தார்கள்.

செலவு மதிப்பீட்டைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடியது உண்மை. அதற்கு ஒப்பந்தக்காரர் காரணமல்ல, நாங்கள்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் போட்ட மதிப்பீடு அது. விரிசல் அடைப்பதையும் பாசி சுரண்டுவதையும் சேர்க்கவே இல்லை. கூடுதல் தொகை முழுவதும் இந்த இரண்டுக்கே போனது. பில்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம்.

அந்தப் பள்ளத்தை நிரப்பியவர்கள்: வெப்பமானி வாங்கித் தந்த ஓய்வுபெற்ற மின்பொறியாளர், விரிசல் பசை முழுவதையும் ஏற்ற மருந்துக்கடைக்காரர், தையற்கூட உரிமையாளர் இருவர், உண்டியலோடு வந்த ஆறாம் வகுப்பு மாணவிகள், மூன்று மாத ஓய்வூதியத்தில் பாதியைத் தந்த முதிய தம்பதி, சுமைவண்டி ஓட்டுநர்கள் நால்வர், பழைய கணக்காளர், செவிலியர் விடுதியினர், பெயர் சொல்லாமல் உறையைக் கதவிடுக்கில் செருகிப் போன ஒருவர். பெயர்களும் தொகைகளும் அறிவிப்புப் பலகையில் உள்ளன. விட்டுப்போனவர்கள் என்னைத் திட்டலாம், பழகிவிட்டது.

மாநகராட்சிக் கூட்டத்துக்கு வெப்பமானிக் குறிப்பேட்டைக் கொண்டுபோனோம். பேச்சை யாரும் கவனிக்கவில்லை, குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார்கள். மாநகராட்சிக் கட்டடங்கள் அனைத்துக்கும் அடுத்த கோடைக்குள் வெள்ளைப் பூச்சு, நகரின் வாயு வெளியீட்டுக் கணக்கெடுப்பு, இரண்டுக்கும் தீர்மானம் நிறைவேறியது. பேருந்துக்குத் தனித்தடம் கேட்டோம், கிடைக்கவில்லை.

கையிருப்பு: வெப்பமானி ஒன்று, உருளைத் தூரிகை ஏழு, திறக்காத டப்பா இரண்டு. நீள ஏணி கிடங்கில் இல்லை. எடுத்தவர் கொண்டுவந்து வைத்தால் போதும், கேள்வி கேட்க மாட்டோம்.

செயலாளர்