குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மயங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புதிய எஸ்யூவி வாங்கும் விலைக்கே பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் கிடைக்கின்றன என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலையைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், 'எவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறதோ அவ்வளவு நல்லது' என்று வாசகர்களுக்குக் கொடுத்த யோசனை, நம்பி வாங்குகிறவரின் பல லட்சங்களுக்கு வேட்டு வைக்கக்கூடியது. சாதாரணக் காருக்குப் போடும் கணக்கு இது. போர்ஷே, ஃபெராரி, லம்போர்கினி வகையறாவில் பதினைந்து வருடத்தில் 9,000 கி.மீ. ஓடிய காரைவிட, ஒழுங்காக சர்வீஸ் பார்த்து 50,000 கி.மீ. ஓடிய காரே பெரும்பாலும் நல்ல கார்.

நிற்கிற காருக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் உள்ள ரப்பர் சீல்கள் எண்ணெய் படாமல் இறுகிப்போகும். ஏ.சி. கம்ப்ரசரின் சீல் காய்ந்து கேஸ் இறங்கும். பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். நம் கடலோர ஈரக்காற்றில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. டேங்கில் கிடக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எலி வந்து வயரைக் கடிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கெடுதல், 'வாரம் ஒருமுறை வாட்ச்மேன் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுவார்' என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் பழக்கம். ஐந்து நிமிடத்தில் கூலன்ட் சூடாகுமே தவிர ஆயில் சூடாகாது. எரிந்ததில் வந்த நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கித் தங்கிவிடும். அந்த ஆயிலில்தான் பேரிங்குகள் மாதக்கணக்கில் ஊறிக்கிடக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. போர்ஷே கார்களின் எஞ்சின் கம்ப்யூட்டரில், அந்த எஞ்சின் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பதிவாகியிருக்கும். கம்பெனியின் ஸ்கேன் கருவியை மாட்டினால் தெரியும். கிலோமீட்டரை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓடிய காருக்கு மணிக்கு 30 முதல் 45 கி.மீ. வரும். ஓடோமீட்டர் 18,000 காட்டி, மணிக்கணக்கு 1,400 என்றால் சராசரி 13 கி.மீ. கூட இல்லை. ஒன்று, கார் போர்ட்டிகோவில் நின்றபடியே ஓடியிருக்கிறது. இல்லையென்றால் ஓடோமீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் அந்தக் கார் வேண்டாம்.

அதே கருவியில் 'ஓவர்-ரெவ்' பதிவையும் கேளுங்கள். மேனுவல் கியர் காரில் ஐந்திலிருந்து நான்குக்குப் போவதற்குப் பதில் தவறி இரண்டில் போட்டால், சக்கரமே எஞ்சினைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே இழுத்துவிடும். எஞ்சின் சுற்று எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரெவ் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. எந்த ரேஞ்சில் (சுற்று வேக அடுக்கில்), எத்தனை முறை, எஞ்சினின் எத்தனையாவது மணியில் நடந்தது என்று கருவி சொல்லும். மேல் ரேஞ்சுகளில் அண்மையில் பதிவு இருந்தால் விலகிவிடலாம். 800 மணி நேரத்துக்கு முன் நடந்து, அதன்பின் கார் நன்றாகவே ஓடியிருந்தால் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம்.

இந்த விலையில் நம் ஊரில் அதிகம் ஆசைப்படப்படும் கார் போர்ஷே 911, அதிலும் 997 எனப்படும் தலைமுறை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2004 முதல் 2008 வரை வந்த கரேரா, கரேரா எஸ் என்னும் 911 வகைகளின் எஞ்சினுக்கு இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று, வால்வுகளை இயக்கும் பகுதிக்குச் சுழற்சியைக் கடத்த உள்ளே இருக்கும் இடைத்தண்டின் பேரிங். இது உடைந்தால் டைமிங் தவறி வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் முழுதும் போய்விடும். தொடக்கத்தில் வந்த சில கார்களில் கியர்பாக்ஸை இறக்கி இந்த பேரிங்கை மாற்றலாம். பிறகு வந்த பெரிய பேரிங்கை எஞ்சினையே இரண்டாகப் பிரிக்காமல் எடுக்க முடியாது, ஆனால் அது உடைவது அரிது. வாங்குவதற்கு முன் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, உள்ளிருக்கும் காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துணுக்கு மின்னினால் பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். வருடக்கணக்கில் நின்று, எப்போதாவது எடுக்கப்படும் கார்களில்தான் இது அதிகம் என்பது இந்த எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வது.

இரண்டாவது நோய் சிலிண்டர் கீறல். அலுமினியச் சிலிண்டர் சுவரும் பிஸ்டனின் மேல்பூச்சும் உரசி நீளவாக்கில் கோடு விழும். பெரும்பாலும் 4, 5, 6 ஆகிய சிலிண்டர்கள், முக்கியமாக ஆறாவது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் டக்டக் என்று சீரான தட்டல், ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கரி பிடித்துக் கறுத்திருப்பது, ஆயில் அடிக்கடி குறைவது ஆகியவை அடையாளங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டில் இது பல நேரம் தப்பிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, கேமரா விட்டுச் சுவரின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். கீழே ஆயில் பேனைக் கழற்றி அந்த வழியாகவும் பார்த்தால் இன்னும் உறுதி. இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

2009 மாடலிலிருந்து வந்த புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டே கிடையாது. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் அதற்கே போங்கள். 2008 வரை வந்த 911 டர்போவிலும் ஜிடி3யிலும் இருப்பது வேறு எஞ்சின். மேலே சொன்ன இரண்டும் அதில் இல்லை, ஆனால் கூலன்ட் குழாய்களைப் பசை வைத்துப் பொருத்தியிருப்பார்கள். பசை விட்டால் ஓட்டத்திலேயே பின் டயரில் கூலன்ட் கொட்டும். குழாய்களை வெல்டு செய்தோ உலோகப் பின் அடித்தோ இறுக்கியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஃபெராரி 360-இல் டைமிங் பெல்ட், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 3 முதல் 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டியது. இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து மாற்றலாம். அதற்கு முந்தைய 355-இல் எஞ்சினையே இறக்க வேண்டும். எஃப்430-இல் பெல்ட்டுக்குப் பதில் செயின், ஆனால் எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வெடிப்பு விடும். லம்போர்கினி கல்லார்டோவின் இ-கியர் என்பது ஒற்றை கிளட்ச்சை இயந்திரமே அழுத்தி விடுவது. டிராஃபிக்கில் ஊர்ந்தாலும், அடித்தளப் பார்க்கிங்கின் சரிவில் ரிவர்ஸில் ஏற்றினாலும் கிளட்ச் வேகமாகத் தீரும். எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று ஸ்கேன் கருவி காட்டும். ஆடி ஆர்8-இல் மேக்னடிக் டேம்பர் (காந்தத்தால் இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்) கசிகிறதா பாருங்கள்.

டயர் விஷயத்தில் பட்டனின் ஆழம் மட்டும் போதாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் புதிது போல் இருந்தாலும் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். கரேரா எஸ்-க்கு முன்னால் 235/35 ஆர்19, பின்னால் 295/30 ஆர்19. டயர் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் அளவுகள் அல்ல. போர்ஷேயில் பிரேக் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) மஞ்சளாக இருந்தால் அது செராமிக் பிரேக். கண்ணுக்கு அழகுதான். டிஸ்க்கின் விளிம்பு சில்லு பெயர்ந்திருந்தால் மாற்றும் செலவில் ஒரு சின்னக் காரே வாங்கிவிடலாம்.

வாங்கியபின் ஓட்டுவது பற்றி. வாரம் ஒருமுறையாவது 30, 40 கி.மீ. ஒரே மூச்சாக எடுக்க வேண்டும். 997-இல் ஆயில் வெப்பத்துக்குத் தனி முள் உண்டு. அது 80 டிகிரியைத் தொடும் வரை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போகாதீர்கள். தொட்டபிறகு பயப்படாமல் மிதியுங்கள், அதற்காகச் செய்யப்பட்ட எஞ்சின் அது. ஆயில் 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40, போர்ஷேயின் ஏ40 ஒப்புதலோடு, ஃபில்டர் சேர்த்துச் சுமார் 8 லிட்டர். வருடம் ஒருமுறை அல்லது 8,000 கி.மீ., எது முன்போ அது. ஆயில் அளவை சமதரையில், எஞ்சின் சூடாக இருக்கும்போது பாருங்கள். திரையில் ஒரு கட்டம் குறைந்தால் சுமார் 400 மில்லிதான். ஒரு லிட்டர் டப்பாவை முழுதாகக் கவிழ்த்து அதிகமாக்கினால் பின்னால் வெள்ளைப்புகை தள்ளும். பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையக்கூடாது. கார் சில வாரங்கள் நிற்கப்போகிறது என்றால், எத்தனால் இல்லாதது என்று விற்கப்படும் 100 ஆக்டேனை ஊற்றி நிறுத்துவது நல்லது.

911-இன் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளிலும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏ.சி. கண்டன்சர். இரண்டுக்கும் நடுவில் காய்ந்த இலையும் தூசியும் பிளாஸ்டிக் உறையும் அடைந்து, மே மாத நெரிசலில் வெப்பமுள் ஏறும். நாளடைவில் கண்டன்சர் அரித்து ஓட்டையாகும். கோடைக்கு முன் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெளியிலிருந்து தண்ணீர் அடிப்பதால் பயனில்லை.

இன்னொன்று: 997-இன் பேட்டரி முன் டிக்கிக்குள். டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் திறப்பது. பேட்டரி இறங்கிவிட்டால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் உள்ள ஃப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கும்படி ஒரு சிவப்பு முனை இருக்கும். அதில் இன்னொரு பேட்டரியின் பாசிட்டிவையும், கதவுப் பூட்டு மாட்டும் இரும்பு வளையத்தில் நெகட்டிவையும் கொடுத்தால் பூட்டு விடும். தெரியாத மெக்கானிக் நெம்பித் திறந்து பெயின்ட்டைக் கெடுத்த கார்கள் பல.

வேகத்தடை விஷயத்தில் பலரும் காரின் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். சாலை அமைப்புக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 911-இன் இரு அச்சுகளுக்கும் இடையே 2.35 மீட்டர்தான். எனவே விதிப்படி அமைந்த தடையில் முழுக் காரும் ஏறி இறங்கும், வயிறு தட்டாது. தெருக்காரர்களே போட்ட முக்கால் மீட்டர் அகலத் தடையில்தான் முன்சக்கரம் இறங்கியதும் வயிறு உட்காரும். அங்கே குறுக்குக்கோணத்தில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால் சாதாரண பாலிசியில் பணம் வராது. அதற்குத் தனி எஞ்சின் பாதுகாப்பு சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு இன்ஷூரன்ஸில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். முன் பம்பரே பிளாஸ்டிக்தான். தேய்மானம் கழிக்காத பாலிசி இத்தனை வயதான கார்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. முதல் ஆண்டுச் செலவுக்கென்று வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்காமல் இறங்காதீர்கள் என்பது என் கருத்து.

கடைசியாக ஆவணங்கள், கட்டுரை இதைத் தொடவேயில்லை. இறக்குமதிக் கார் என்றால் சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி ஆவணம்) நகலைக் கேட்டு, அதிலுள்ள சேசிஸ் எண்ணை முன்கண்ணாடியின் அடியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். தற்காலிகமாக வரியின்றிக் கொண்டுவந்த காரைத் திருப்பி அனுப்பாமல் விற்றுவிடுவதும், அது பின்னர் பறிமுதலாவதும் இந்தியாவில் நடந்திருக்கின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் இறக்குமதியான காருக்குத் தமிழ்நாட்டில் நுழைவு வரி கட்டப்பட்டதா, வழக்கில் நிலுவை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

புதுச்சேரிப் பதிவெண்ணைப் பார்த்து விலை மலிவு என்று வாங்குகிறவர்கள் அதிகம். வேறு மாநிலப் பதிவுக் காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், ஆயுள் வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 முதல் 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும் சிறிய தொகையாக இருக்காது. பதினைந்து ஆண்டு முடிந்த இறக்குமதிக் காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 40,000 ரூபாய் ஆக்கப்பட்டது. படிவம் 28-இல் என்.ஓ.சி., 29, 30-இல் பெயர் மாற்றம், கடன் இருந்தால் அதை நீக்க 35 ஆகியவை விற்பவரின் கையெழுத்தோடு தயாராகும் வரை, புரோக்கர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், டோக்கன் அட்வான்ஸுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீளமேடு, கோவை.