திருவிழாத் தடையும் இனப்படுகொலையும்

புதுச்சேரி

அன்புள்ள கண்மணிக்கு,

போர்க்காலத்தில் திருவிழாவைத் தடுப்பது இனப்படுகொலை ஆகுமா என்று உன் கட்டுரைக்காகக் கேட்டிருந்தாய். தடை மட்டும் தனியாக நின்றால் சட்டப்படி ஆகாது. அதற்காகத் தடை உத்தரவுக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே.

ஐ.நா.வின் 1948 டிசம்பர் 9 இனப்படுகொலை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவில், ஒரு கூட்டத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் ஐந்தே செயல்கள்: கொல்வது, உடலுக்கோ மனதுக்கோ கடுந்தீங்கு செய்வது, செத்தொழியும்படி வாழ்நிலையைக் கெடுப்பது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பிடுங்கி வேறு கூட்டத்திடம் சேர்ப்பது. பண்பாட்டு அழிப்பும் வரைவில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று ஐ.நா.வின் ஆறாவது குழு, அதாவது சட்டக் குழு, 25க்கு 16 என்று வாக்களித்து அதை எடுத்துவிட்டது. பழங்குடிகளை அடக்கி வைத்திருந்த நாடுகளுக்கு உள்ளூர பயம் இருந்திருக்கும் என்பது என் கணக்கு.

2007இல், போஸ்னியா செர்பியா மீது போட்ட இனப்படுகொலை வழக்கில் சர்வதேச நீதிமன்றம் அதே வழியில் போனது. வழிபாட்டிடங்களை இடித்தது அந்த ஐந்தில் அடங்காது. ஆனால் ஆட்களை அழிப்பதோடு சேர்ந்து நடந்தால், அழிக்கும் நோக்கத்துக்கு அது சான்றாகலாம் என்றது. உன் பிடி இங்கேதான்.

நம்மூரையே பார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது, பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்சின் ஆட்சியில், வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததை அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படிக்கலாம். கொடுமைதான். ஆனால் ஊர் ஜனங்களைப் பூண்டோடு ஒழிக்கும் நோக்கம் அதில் இல்லை. அவர்கள் இல்லாமல் பிரெஞ்சுக்காரனுக்கு வியாபாரம் ஏது?

தடை உத்தரவு கையில் கிடைத்தால் யார் கையெழுத்து, எந்தக் கூட்டத்தின் பெயர் இருக்கிறது, எந்தத் தேதியோடு முடிகிறது என்று முதலில் பார். மீறியவர்களை என்ன செய்தார்கள் என்பதையும் தேடு. வைத்திக்குப்பத்தில் மாசி மகத் தீர்த்தவாரியைக் குண்டுவீச்சுக்குப் பயந்து நிறுத்தி, அன்று வேறு எவர் கூட்டத்தையும் கடற்கரையில் விடவில்லை என்றால் அது பாதுகாப்பு. ஒருவர் சாமியை மட்டும் நிறுத்தி, அடுத்த தெருக்காரர் ஊர்வலத்துக்கு வழிவிட்டால் பாகுபாடு. செய்தது ஆக்கிரமித்த படை என்றால், மக்களின் சமய வழக்கங்களை மதிக்கச் சொல்லும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 27ஆம் பிரிவே கைகொடுக்கும். பரவலாகவோ திட்டமிட்டோ மக்களைத் தாக்குவதன் பகுதியாக, வேறு குற்றங்களோடு சேர்ந்து வந்தால், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம், 7ஆம் பிரிவில், மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகச் சொல்லும் துன்புறுத்தல் என்று வாதிடலாம். நிறையப் பேர் இந்த இரண்டையும் தாண்டி நேராக இனப்படுகொலைக்கு ஓடி, வழக்கையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

உன் கட்டுரையில் கொலைகளின் கணக்கு முன்னால் வரட்டும். தடை உத்தரவை அதற்குப் பின்னால், தேதி வரிசையில் வை. மூலமொழி நகலையும் சேர்த்துவிடு. மொழிபெயர்ப்பில் 'ஒத்திவைப்பு' 'தடை'யாகிவிடும்.

அப்பா