மைனஸ் 0.45

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு என் மேசைமேல் அடுக்கியிருக்கும் பி.எட். ரெக்கார்டு நோட்டுகளைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். நீ 2003இல் பி.எட். படித்தபோது அது ஓராண்டுப் படிப்பு. அப்போதே எழுதியெழுதி விரல் காய்த்துப்போனதாகச் சொல்வாய். 2015 முதல் அது ஈராண்டுப் படிப்பாகி, இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம் பள்ளியிலேயே பயிற்சி என்று ஆன பிறகு, ரெக்கார்டுகளும் அதற்கேற்பப் பெருகிவிட்டன.

நுண்ணிலைக் கற்பித்தல் ரெக்கார்டு சென்ற ஆண்டே முடிந்தது. ஆறு நிமிடம் நடத்தி, ஆறு நிமிடம் குறைகளைக் கேட்டு, பன்னிரண்டு நிமிடத்தில் திருத்தித் திட்டமிட்டு, மறுபடி நடத்தி, மறுபடி கேட்டு என 36 நிமிடச் சுற்று அது. தலை நரைக்கத் தொடங்கிய வயதில், என் மகள் வயதுள்ள சக மாணவியர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்துக் கைதூக்க, அவர்கள் முன் 'பாடம் தொடங்கும் திறனை' நான் காட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் உனக்குச் சொல்ல நினைத்தது தேர்வும் மதிப்பீடும் ரெக்கார்டைப் பற்றி. எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று புளூபிரிண்ட் போட்டு, வினாத்தாள் தயாரித்து, பயிற்சிப் பள்ளியில் நாமே தேர்வு நடத்தி, விடைத்தாள்களைத் திருத்திய பிறகு, ஒவ்வொரு வினாவும் எப்படி வேலை செய்தது என்று கணக்கிட வேண்டும். மொத்த மதிப்பெண் வரிசையில் மேலிருந்து 27 விழுக்காட்டினரையும் கீழிருந்து 27 விழுக்காட்டினரையும் பிரித்தெடுக்கும் முறையை, கெல்லி என்பவர் 1939இல் எழுதியதாகப் பாடத்தில் படித்திருக்கிறோம். என் வகுப்பில் 41 பேர். ஆகவே மேல்குழுவில் 11, கீழ்க்குழுவில் 11. மேல்குழுவில் சரியாக எழுதியவர்களிலிருந்து கீழ்க்குழுவில் சரியாக எழுதியவர்களைக் கழித்துப் பதினொன்றால் வகுத்தால், நன்றாகப் படிப்பவரையும் படிக்காதவரையும் அந்த வினா பிரித்துக் காட்டியதா என்பது தெரிந்துவிடும்.

ஏழாவது வினா இது: கீழ்க்கண்டவற்றுள் பெயரெச்சத் தொடர் எது? சிறிய கடிதம், எழுதிய கடிதம், எழுதி முடித்தான், கடிதம் எழுதினான். நான் வைத்திருந்த விடை 'எழுதிய கடிதம்'; 'எழுதிய' என்பது கடிதம் என்னும் பெயரைக் கொண்டு முடியும் எச்சவினை. இரு குழுவிலுமாக 22 பேரில் 11 பேர் சரியாக எழுதியிருந்ததால் கடினத் தன்மை 0.50, பாடநூல் கணக்குப்படி அதைவிடச் சிறந்த வினா கிடையாது என்று மகிழ்ந்து அடுத்த கட்டத்தை நிரப்பப் போனேன். அந்தப் பதினொருவரில் மூவர் மேல்குழு, எண்மர் கீழ்க்குழு. மூன்றிலிருந்து எட்டைக் கழித்துப் பதினொன்றால் வகுத்தால் மைனஸ் 0.45. அதாவது நன்றாகப் படிப்பவர்களே அதிகம் தவறவிட்ட வினா. கூட்டலில் பிழை என்று நினைத்து விடைத்தாள்களைத் திரும்ப எண்ணினேன், எண் மாறவில்லை.

மறுநாள் வகுப்பின் முதல் மாணவனிடமே கேட்டேன். “டீச்சர், சிறிய கடிதமும் பெயரெச்சம்தானே? குறிப்புப் பெயரெச்சம்னு நீங்கதானே நடத்துனீங்க. ரெண்டுல எது உங்களுக்கு வேணும்னு தெரியல, முதல்ல இருந்ததை எழுதிட்டேன்” என்றான். காலம் காட்டும் தெரிநிலை, காலம் காட்டாமல் பண்பை உணர்த்தும் குறிப்பு என இரண்டையும் முந்தைய வாரம் நடத்தியவள் நானேதான். பாடத்தைக் கவனித்த பிள்ளைகள் இரண்டு விடைகளுக்கிடையே திண்டாடியிருக்கிறார்கள். கவனிக்காத பிள்ளைகளோ வினைச்சொல் போலத் தெரிந்த ஒன்றைத் தயங்காமல் குறித்து மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். அந்த எண்மரை நான் பாராட்டவும் முடியவில்லை, குறை சொல்லவும் முடியவில்லை.

விடுதியில் இதைச் சொன்னபோது, எண்களை இடம்மாற்றி எழுதிவிடுங்கள், எட்டும் மூன்றும் மாறிப்போனது யாருக்குத் தெரியும் என்றாள் ஒருத்தி. கெட்ட எண்ணத்தில் சொன்னவள் அல்லள். மூத்த மாணவர்களின் ரெக்கார்டுகளைப் பார்த்து எழுதுவதும், எல்லா வினாக்களும், மிக நல்லது எனப்படும் 0.40க்கு மேலேயே அழகாக வந்து நிற்பதும் எங்களிடையே அவ்வளவு சாதாரணம். நானும் ஓர் இரவு அப்படிச் செய்யலாமா என்று யோசித்தேன் என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத அட்டவணைக்கு உள்ள கவர்ச்சி லேசானதன்று. ஆனால் மற்ற எல்லாப் பக்கங்களிலும் நான் ஏற்கெனவே அறிந்ததைத்தான் எழுதியிருந்தேன். நான் அறியாத ஒன்றை எனக்குச் சொன்ன பக்கம் அது ஒன்றுதான், அதைப் போய்த் திருத்துவதா என்று தோன்றிவிட்டது.

ஆகவே மைனஸ் குறியை அப்படியே விட்டு, அடுத்த பக்கத்தில் பையன் சொன்னதையும் எழுதி, 'சிறிய கடிதம்' இருந்த இடத்தில் 'கடிதத்தை எழுது' என்று மாற்றி வேறு பிரிவில் அந்த வினாவை மீண்டும் நடத்தினேன். அங்கும் இரு குழுவிலும் பதினொருவர். மேலே ஒன்பது, கீழே ஐந்து, விடை 0.36. பிரமாதம் என்று சொல்ல முடியாது. வழிகாட்டி ஆசிரியை கையெழுத்திடும்போது அந்தப் பக்கத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு, நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

புறத்தேர்வாளர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். இன்னும் நான்கு நோட்டுகளுக்கு அட்டை போட வேண்டும். ஒரு மாணவரைப் பற்றிய தனியாள் ஆய்வில் பெற்றோரைச் சந்தித்த பகுதி பாதியில் நிற்கிறது. நீ இருபது ஆண்டாக வினாத்தாள் தயாரிக்கிறாய். உன்னை இப்படிக் கவிழ்த்த வினா ஏதேனும் இருந்தால், மறைக்காமல் எழுது.

உன் அன்புத் தோழி